டோக்கன் எண் 4417-க்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது என்பது குறித்து

அனுப்புநர்:
மு. பன்னீர்செல்வம்,
முதுநிலை வரைவாளர் (டோக்கன் எண் 2086),
ஊழியர் குடியிருப்பு, டி பிளாக், வீட்டு எண் 7,
கங்காதீர் கிரேன் ஆலை,
ஹவுரா.

பெறுநர்:
திரு. வைத்தீஸ்வரன் அவர்கள்,
பொது மேலாளர் (பணியாளர் நலம்),
கங்காதீர் கிரேன் நிறுவனம், தலைமை அலுவலகம்,
சால்ட் லேக், கொல்கத்தா.

பொருள்: ஆலைக் குடியிருப்பின் சிறுவர் பூங்காவில் உள்ள கரடி இமயமலைக் கருங்கரடி என்று தவறாகப் பதிவானது – அதனால் ஒன்பது குளிர்காலம் பட்டினி கிடந்தது – இப்போது அதே தவற்றால் மலைக்கு மாற்றப்படுவது – 4.3.2002-க்குள் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருள் பற்றி நான் ஆங்கிலத்தில் கொடுத்த ஐந்து மனுக்கள்.
2. அவற்றுக்கு வராத ஐந்து பதில்கள்.
3. விலங்கு இடமாற்ற உத்தரவு, நாள் 28.1.2002.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தமிழில் எழுதுவதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் அல்ல. ஆலையில் ஆங்கிலத்தில் எழுதப்படும் எந்த மனுவும் தலைமை எழுத்தர் ஹரிபத பாபுவின் மேஜை வழியாகத்தான் தங்களிடம் வர முடியும். ஐந்து முறை அனுப்பினேன். ஐந்து முறையும் அவர் "ஹோபே, ஹோபே", அதாவது ஆகும், ஆகும் என்று சொல்லி, 'பெறப்பட்டது' என்ற முத்திரையை அழுத்திக் குத்தி, தமக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். என் புகாரே அவர் செய்த பதிவைப் பற்றியது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தமிழில் எழுதினால் அதைப் படிக்க நிறுவனத்தில் தங்களைத் தவிர வேறு அதிகாரி இல்லை. இதை நேரில் சேர்ப்பிக்க இன்று அரை நாள் விடுப்பு எடுத்து, படகிலும் பேருந்திலுமாக வந்திருக்கிறேன்.

2. தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கரடியின் மேல் எனக்குத் தனிப்பட்ட பாசம் எதுவும் கிடையாது. என் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்துப் பர்கூர். என் பெரியப்பாவுக்கு வலது காது இல்லை. அந்தக் காதை எடுத்தது ஒரு கரடி. எங்கள் வீட்டில் கரடி என்றாலே எல்லோருடைய கையும் தானாகக் காதுக்குப் போகும். ஆகவே இது செல்லப் பிராணிக்காக உருகுகிறவன் எழுதும் கடிதம் அல்ல. பதிவேடு சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஓர் ஊழியனின் மனு.

3. 1993 மார்ச்சில், கிருஷ்ணகிரி அருகே ஒரு கருங்கல் குவாரியில் நம் கிரேன் ஒன்று பழுதாகி நின்றது. சரிசெய்ய நம் ஆட்கள் போயிருந்த சமயத்தில் அங்கே வெடி வைத்தார்கள். பாறை இடுக்கில் இருந்த தாய்க் கரடி ஓடிப்போனது, குட்டி தங்கிவிட்டது. பத்து நாள் காத்திருந்தும் தாய் திரும்பவில்லை. நம் குடியிருப்பில் சிறுவர் பூங்கா இருக்கிறது, அதில் நான்கு மானும் ஒரு மயிலும் இருக்கின்றன என்று நம் பொறியாளர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பிறகென்ன, பழுதான கியர் பெட்டியோடு குட்டியும் லாரியில் ஏறிவிட்டது. வனச்சரக அலுவலர் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

4. ஆலை வாயிலுக்குள் எது வந்தாலும் அதற்கு ஓர் இருப்பு அட்டை போட வேண்டும் என்பது தாங்கள் அறிந்த விதி. அப்போது கிடங்குப் பொறுப்பில் இருந்த ஹரிபத பாபு, கியர் பெட்டிக்கு ஓர் அட்டை போட்டார். கரடிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தம் மகனின் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, லாரிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். உடம்பு கறுப்பு, நெஞ்சில் வெள்ளைக் கோடு. புத்தகத்தில் அப்படி இருந்த முதல் படம் இமயமலைக் கருங்கரடி. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் வந்திராது.

5. இமயமலை என்று ஆனதால் பதிவேட்டில் அதன் பெயர் ஹிமாத்ரி. இந்த ஊரில் எல்லோருக்கும் வெளியே ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் அல்லவா, கரடிக்கும் வீட்டுப் பெயர் வைத்தார்கள். கோகா. சின்னப் பையன் என்று அர்த்தம். அது பெண் கரடி. அதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை.

6. உணவு விடுதியிலிருந்து டோக்கன் எண் உள்ளவர்களுக்கு மட்டுமே சாப்பாடு கொடுக்கலாம் என்பதால், பணியாளர் பிரிவு அதற்கு 4417 என்ற எண்ணும், எண் இருந்தால் பதவியும் இருக்க வேண்டும் என்பதால் 'தற்காலிகக் காவலாளி' என்ற பதவியும் வழங்கியது. அன்று முதல் இன்று வரை 4417 ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. இந்தப் பெருமை ஆலையில் வேறு யாருக்கும் இல்லை, என்னையும் சேர்த்து.

7. இனி அளவுகள். நான் படம் வரைபவன், கண்ணால் கண்டதை மட்டும் கோடாகப் போடுகிறவன். இணைப்பு 1-இல் 4417-இன் முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் ஆகியவற்றைப் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்திருக்கிறேன். மேல்தோற்றத்துக்காகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினேன். அதற்கு அனுமதி பெறாதது என் தவறு. பக்கத்தில் ஒப்பிடுவதற்கு இமயமலைக் கருங்கரடி ஒன்றையும், புத்தகங்களில் உள்ள அளவின்படி வரைந்துள்ளேன். வேறுபாடுகள்:

இமயமலைக் கரடிக்கு மயிர் படிந்து வழவழப்பாக இருக்கும், அடியில் குளிருக்கான மெத்தை மயிர் உண்டு. 4417-க்கு மயிர் நீளம், பரட்டை, கழுத்திலும் தோளிலும் எப்போதும் இப்போதுதான் எழுந்து வந்த மாதிரி. அடிமயிர் அறவே கிடையாது. வயிற்றிலும் தொடையிலும் தோல் தெரியும்.

இமயமலைக் கரடியின் காது பெரியது, வட்டம், தனியாகத் தெரியும். 4417-இன் காது மயிருக்குள் ஒளிந்திருக்கிறது. இமயமலைக் கரடியின் நகம் குட்டை, மரம் ஏறுவதற்கு. 4417-இன் முன்னங்கால் நகம் ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம், வளைந்தது, தந்த நிறம், கறையான் புற்றை உடைப்பதற்கென்றே அமைந்தது. முகவாய் நீண்டு சாம்பல் வெளுப்பாக இருக்கிறது. கீழ் உதட்டை நீட்டி மூக்கு வரை மூட அதனால் முடிகிறது. மூக்குத் துளைகளையும் நினைத்தபோது மூடிக்கொள்கிறது.

முக்கியமாகப் பல். கரடிகளுக்கு நாற்பத்திரண்டு பல். இதற்கு நாற்பதுதான். மேல் வரிசையில் நடுவே இரண்டு முன்பற்கள் பிறப்பிலேயே இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சுகிறது. பராமரிப்பாளர் நிதாய்-தா (நிதாய் அண்ணன்) வாழைப்பழத்தைக் காட்டி வாயைத் திறக்க வைக்க, நான் கம்பிக்கு வெளியே, இரண்டு காதையும் மப்ளரால் கட்டிக்கொண்டு நின்று எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். ஆலை மருத்துவர் அந்த இரண்டு பற்களும் 'பணியின்போது விழுந்தவை' என்று குறிப்பெழுதி வைத்திருப்பது சரியல்ல.

8. ஆகவே இது எங்கள் பக்கத்துப் பாறைக் காடுகளில் திரியும் சாதாரணக் கரடி. புத்தகத்தில் தேன் கரடி என்கிறார்கள், நாங்கள் வெறுமனே கரடி என்போம். காய்ந்த புதர்க்காடு, பாறை இடுக்கு, கறையான் புற்று, இலந்தை, நாவல், கொன்றைக் காய், கிடைத்தால் தேன். இதுதான் அதன் உலகம். பனியைக் கனவிலும் கண்டிராது.

9. ஆறு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து படித்ததில், உலகத்தில் மொத்தமே எட்டு வகைக் கரடிகள்தான் என்று அறிந்தேன். பனிப்பாறையில் சீல் பிடித்துத் தின்னும் வெள்ளைக் கரடி, தோளில் திமில் உள்ள பழுப்புக் கரடி, அமெரிக்காவின் கருங்கரடி, நம் இமயமலைக் கருங்கரடி, மூங்கிலைத் தவிர வேறு எதையும் மதிக்காத பாண்டா, தென் அமெரிக்காவில் முகத்தில் கண்ணாடி போட்டதுபோல் வெள்ளை வட்டம் உள்ள ஒன்று, ஒரு சாண் நாக்கு நீட்டித் தேன் நக்கும் சின்னச் சூரியக் கரடி, அப்புறம் நம்முடையது. எட்டே எட்டு, ஐயா! நம் கிடங்கில் போல்ட்டு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு வகை, அத்தனையையும் ஹரிபத பாபு கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எட்டில் ஒன்றைச் சரிபார்க்க ஒன்பது வருடம் போதவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

10. இந்தத் தவற்றால் விளைந்த கேடு இதுதான். அதே படப் புத்தகத்தில், இமயமலைக் கரடி குளிர்காலத்தில் உறங்கும், அப்போது உண்ணாது என்று இருந்திருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 15 வரை 4417-இன் சாப்பாடு நிறுத்தப்படுகிறது. கோப்பில் 'உறக்கக் காலம்' என்று எழுதியிருக்கிறது. தேன் கரடி குளிர்காலத்தில் உறங்குவதே இல்லை. முதல் வருடம் அது காலிப் பாத்திரத்தைக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது. சத்தத்தால் அதன் உறக்கம் கெடும் என்று பாத்திரத்தையும் எடுத்துவிட்டார்கள்.

11. அந்த வருடம் முதல் என் மனைவி நாகரத்தினம் குளிர்கால மாதங்களில் தினமும் காலையில் ஒரு பக்கெட் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போகிறாள். இதற்காக ஆற்றைத் தாண்டிக் கரியாஹாட் சந்தை வரை போய் மாவு வாங்கி வருகிறாள். ஊழியர் அல்லாதவர் ஊழியருக்கு உணவு வழங்குவது விதிமீறல் என்று தெரிந்தே செய்தோம். "எழுதி எழுதி என்னத்தைக் கண்டீங்க? அது முழிச்சிக்கிட்டு இருக்குன்னு இந்த ஆலையில என் ஒருத்திக்குத்தான் தெரியுது" என்பது அவள் வாதம். எங்கள் மகள் பூர்ணிமா பள்ளிக்கூடம் போகிற வழியில் அதனிடம் வங்காளத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறாள். நாங்கள் தமிழில் பேசினால்தான் அது தலையைத் தூக்கிப் பார்க்கிறது என்று அவள் சொல்வதை நான் ஆதரிக்கவில்லை. கஞ்சி பக்கெட் என்னிடம் இருந்தபோதுதான் அது தலையைத் தூக்கியது.

12. பசி தாங்காமல் அது 1997 டிசம்பரில் கூண்டின் மரத்தூணில் இருந்த கறையானை உறிஞ்சத் தொடங்கியது. முதலில் மண்ணை ஊதித் தள்ளும், பிறகு இழுக்கும். அந்தச் சத்தம் நூற்றைம்பது மீட்டர் வரை கேட்கும். காற்றழுத்தக் குழாயில் கசிவு என்று பராமரிப்புப் பிரிவு மூன்று நாள் ஆலை முழுவதும் சோப்பு நுரை தடவிக்கொண்டு திரிந்தது. நான் போய்ச் சொன்னேன், காது கொடுத்துக் கேட்கவில்லை. இமயமலைக் கரடி டிசம்பரில் தூங்கிக்கொண்டிருக்கும், அது எப்படிச் சத்தம் போடும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நான்காம் நாள் தூணே விழுந்துவிட்டது.

13. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்து இரண்டாவது வாரம், குட்டி நிதாய்-தாவின் முதுகில் பாய்ந்து ஏறியது. கழுத்துச் சட்டை கிழிந்தது. 'சக ஊழியரைத் தாக்கியமை' என்று 4417-க்கு எச்சரிக்கைக் குறிப்பு வழங்கி, ஏழு நாளில் விளக்கம் கேட்டுக் கம்பியில் ஒட்டினார்கள். விளக்கம் வரவில்லை. குட்டியைச் சங்கிலியில் கட்டினார்கள். நிதாய்-தா படிக்காதவர், ஆனால் அவருக்கு மட்டும் விஷயம் புரிந்தது. "ஓ தோ மா-கே குஞ்ஜ்சே, பாபு" என்று என்னிடம் சொன்னார். அம்மாவைத் தேடுகிறதாம். இந்தக் கரடிகள் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் காட்டில் போகும், வேறு எந்தக் கரடியும் இப்படி வழக்கமாகச் செய்வதில்லை. ஏறுவதற்கு ஒரு முதுகு கிடைக்குமா என்றுதான் அது பார்த்திருக்கிறது. நிதாய்-தா ஒரு சணல் சாக்கில் வைக்கோல் அடைத்துக் கூண்டுக்குள் போட்டார். குட்டி அதன் மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. சங்கிலியை அவிழ்த்தார்கள். இதை எழுதும்போது எனக்கு என்னவோ செய்கிறது, அது மனுவுக்குச் சம்பந்தமில்லாதது.

14. இப்போது நடப்புக்கு வருகிறேன். சிறு மிருகக்காட்சிச் சாலைகளை மூடிவிட்டு விலங்குகளைத் தகுந்த இடங்களுக்கு அனுப்பும்படி சென்ற ஆண்டு உத்தரவு வந்தது. மான்கள் போய்விட்டன. மயில் தானாகவே போய்விட்டது. கரடியைப் பரிசீலிக்க ஆலை மருத்துவர், கணக்கு அதிகாரி, கட்டடப் பொறியாளர் ஆகிய மூவர் குழு, 9.1.2002 காலை பதினொரு மணிக்கு, சால்வையும் குரங்குக் குல்லாயும் அணிந்து கூண்டுக்கு வந்தது. அன்று காலை நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜனவரியில் அது விழித்திருப்பதை மூன்று அதிகாரிகள் நேரில் பார்க்கப் போகிறார்கள், இனி எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன். பார்த்தார்கள். 4417 கம்பியைப் பிடித்து எழுந்து நின்று அவர்களையும் பார்த்தது. குழு எழுதிய அறிக்கையின் சாரம் இது: "விலங்கு உறக்கக் காலத்தில் விழித்திருக்கிறது. கடும் தூக்கமின்மையால் பாதிக்கப்பட்டுள்ளது. ஹவுராவின் வெப்பமே காரணம். அதன் சொந்தச் சூழலான உயர்ந்த குளிர்மலைக்கு உடனே அனுப்பப் பரிந்துரைக்கிறோம்."

15. அந்தப் பரிந்துரையின் பேரில், வரும் மார்ச் 4-ஆம் தேதி 4417 ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள ஒரு காப்பகத்துக்கு ஏற்றப்படுகிறது. அங்கே இப்போதும் காலையில் தண்ணீர் உறைகிறது. அங்கேயும் இதே கோப்புதான் கூடப் போகும். குளிர்காலம் வந்ததும் உறங்குவதாக எண்ணிச் சாப்பாட்டை நிறுத்துவார்கள். அங்கே கேழ்வரகுக் கஞ்சி கொண்டு போக ஆள் இல்லை. அடிமயிர் இல்லாத விலங்கு, பனியில், பசியோடு. அது செத்துப்போகும், ஐயா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

16. நான் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு அருகிலுள்ள விலங்குப் பூங்காவுக்கு எழுதினேன். (சென்னையில் இருக்கும் என் தம்பியை நேரில் போய்ப் பேசச் சொன்னதற்கு, அவன் "அண்ணே, கரடி விடாதீங்க" என்று பதில் போட்டான்.) பூங்காவிலிருந்து மரியாதையான பதில் வந்தது. தேன் கரடி என்றால் இடம் உண்டு, கொண்டுவந்தால் தாங்களே பார்த்து இனம் குறித்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். ஆனால் அனுப்பும் காகிதத்தில் இமயமலைக் கரடி என்று இருந்தால் வாயிலிலேயே திருப்பிவிட வேண்டியிருக்குமாம். சென்னை வெயிலில் இமயமலைக் கரடியை வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் நியாயம். இணைப்பு 2.

17. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹரிபத பாபுவிடம் ஓடினேன். ஒரு வார்த்தையை அடித்து இன்னொரு வார்த்தை எழுதக் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். இருப்பில் இருப்பது ஓர் இமயமலைக் கரடி. அதைத் தேன் கரடி என்று திருத்தினால், இமயமலைக் கரடி எங்கே போயிற்று என்று தணிக்கையில் கேட்பார்கள். 1993-இல் கையெழுத்திட்டுப் பெற்ற ஒரு கரடி காணவில்லை, யார் கடைசியாகப் பார்த்தது, வாயிற்காவலர் என்ன செய்துகொண்டிருந்தார், காவல் நிலையத்தில் ஏன் எழுதி வைக்கவில்லை என்பார்கள். அது போதாதென்று, நுழைவுச் சீட்டே இல்லாமல் ஒரு தேன் கரடி எப்படி ஆலைக்குள் வந்தது என்றும் கேட்பார்கள். வருகிற ஜூன் மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். "பன்னீர் பாபு, இரண்டு கரடிக்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் தண்டிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. குளிர்காலத்தில் கைக்குட்டையில் பேரீச்சை வெல்லம் மறைத்துக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது கம்பிக்குள் நீட்டுகிறவர் அவர்தான். நான் இரண்டு தடவை பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

18. சென்ற செவ்வாய்க்கிழமை அவரே அலமாரியைத் திறந்து பழைய கோப்பை என் கையில் கொடுத்து, ஐந்து நிமிடம் வெளியே போனார். அதன் மூன்றாம் பக்கத்தில், குட்டியோடு வந்த வனச்சரக அலுவலரின் கடிதம் இருக்கிறது. தமிழில் எழுதியது. 'வட்டார மொழி, பொருள் தெரியவில்லை, கோப்பில் வைக்கவும்' என்று மேலே குறிப்பு. ஒன்பது வருடம், ஐயா! நான் அடுத்த கட்டடத்தில்தான் இருந்தேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்ற இடத்தில் படித்துச் சொல்லியிருப்பேன். அந்த வரிகளை அப்படியே கீழே தருகிறேன்:

"இது தேன் கரடி இனப் பெண் குட்டி, வயது ஏறத்தாழ மூன்று மாதம். குளிரில் வைக்க வேண்டாம். எல்லாக் காலத்திலும் உணவு தேவை. கேழ்வரகுக் கஞ்சி பழக்கியிருக்கிறோம். தாயின் முதுகு இல்லாததால் யார் முதுகிலாவது ஏறப் பார்க்கும், பயப்பட வேண்டாம். ஒரு மூட்டை கொடுத்தால் அமைதியாகிவிடும்."

இந்தக் கடிதத்துக்கு அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையாம். தங்களுக்கு உண்டு. தமிழில் எழுதியதற்கு இரண்டாவது காரணம் இதுவே.

19. ஆகவே என் முதல் கோரிக்கை, மார்ச் 4-ஆம் தேதிக்குள் தாங்கள் அந்த மூன்றாம் பக்கத்தைப் படித்து, இருப்பு அட்டையைத் திருத்த ஆணையிட வேண்டும். வந்தது ஒரே கரடி, இருப்பதும் ஒரே கரடி, எதுவும் காணாமற்போகவில்லை என்று தங்கள் கையால் ஒரு வரி எழுதினால் ஹரிபத பாபுவும் நிம்மதியாக ஓய்வு பெறுவார்.

20. பதிவேட்டைத் திருத்துவது இவ்வளவு குறுகிய காலத்தில் இயலாது என்றால், விதிக்கு உட்பட்ட வேறு வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும் முன் என் விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்த மாநிலத்துக்கு விருப்ப மாறுதல் கேட்டுப் பதினான்கு வருடமாக வரிசையில் நிற்கிறேன். நாகரத்தினம் இங்கே வந்த நாள் முதல் ஒரு டிரங்குப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறாள், எப்போது உத்தரவு வந்தாலும் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று. இம்மாதம் 8-ஆம் தேதி உத்தரவு வந்தது. சென்னைப் பணிமனையில் ஓர் இடம், ஒரே ஓர் இடம், மார்ச் 1-ஆம் தேதி இங்கிருந்து விடுவிப்பு. அன்று டி பிளாக் முழுவதற்கும் நாங்கள் சந்தேஷ் இனிப்பு கொடுத்தோம்.

21. விருப்ப மாறுதலுக்குத் தகுதி என்னவென்று விதிப்புத்தகத்தில் பார்த்தேன். டோக்கன் எண் வேண்டும், 4417-க்கு இருக்கிறது. எட்டு வருடம் இடைவிடாத பணி வேண்டும், ஒன்பது ஆகப் போகிறது. பிறந்த ஊர் அந்த மாநிலத்தில் இருக்க வேண்டும், கிருஷ்ணகிரி. தண்டனை நிலுவையில் இருக்கக் கூடாது. எச்சரிக்கைக் குறிப்பு மூன்று வருடத்தில் காலாவதியாகிவிட்டது. இன்னும் ஒன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டும். விலங்கு இடமாற்றப் படிவத்தில் என்ன விலங்கு என்று எழுதும் கட்டம் இருக்கிறது. ஊழியர் இடமாற்றப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. பெயர், டோக்கன் எண், பிறந்த ஊர், பணிக்காலம், அவ்வளவுதான். அந்தக் காகிதத்தோடு சென்னைப் பணிமனைக்குப் போய், அங்கிருந்து பூங்காவுக்குக் கொண்டுபோனால், அவர்கள் காகிதத்தைப் பார்க்காமல் கரடியைப் பார்த்து இனம் எழுதிக்கொள்வார்கள்.

22. ஆகவே, 8.2.2002 நாளிட்ட என் இடமாறுதல் உத்தரவை நான் முழு மனத்தோடு விட்டுக்கொடுக்கிறேன். அந்த ஓர் இடத்தை வரிசையில் எனக்கு அடுத்துத் தகுதி உள்ள டோக்கன் எண் 4417, ஹிமாத்ரி என்கிற கோகாவுக்கு வழங்குமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். அந்த மலைக்கே அனுப்பினாலும் சரி. எனக்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

23. என் மனைவியைக் கேட்காமல் இதை எழுதவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்தாள். போய் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அதிலிருந்த பாத்திரங்களை எடுத்து அடுப்படியில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, "நமக்குக் குளிருனா போத்திக்குவோம். அதுக்கு வயித்துல முடியே இல்லையேங்க" என்றாள். அழுதாள் என்றும் சொல்ல வேண்டும். அவள் கையொப்பம் கீழே இருக்கிறது.

இரண்டாம் பத்தியில் கரடியின் மேல் எனக்குப் பாசம் கிடையாது என்று எழுதியிருந்தேன். மனுவை மறுபடி படித்தபோது அதை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். கையெழுத்திட்ட காகிதத்தில் திருத்தம் செய்தால் வரும் சிக்கல்களை ஹரிபத பாபு ஏற்கெனவே எனக்கு விளக்கியிருப்பதால், அப்படியே விட்டுவிட்டேன்.

நாட்கள் பதினான்கே இருக்கின்றன. தாங்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்ற ஒரே நம்பிக்கையோடு, தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) மு. பன்னீர்செல்வம், டோக்கன் எண் 2086
(ஒப்பம்) ப. நாகரத்தினம், மேற்படியாரின் மனைவி, சம்மதம்

இடம்: ஹவுரா
நாள்: 18.2.2002

இணைப்புகள்: 1. வரைபடம், தாள் ஒன்று. 2. பூங்காவின் கடிதம். 3. வனச்சரக அலுவலர் கடிதத்தின் நகல். 4. என் இடமாறுதல் உத்தரவு, அசல்.

பின்குறிப்பு: 4417-உடன் சணல் சாக்கு ஒன்றும் போக வேண்டும். வைக்கோல் பல தடவை மாற்றியாகிவிட்டது, சாக்கு அதே சாக்கு. இப்போது கரடி பெரிதாகிவிட்டதால் அதன் மேல் ஏற முடிவதில்லை, தன் முதுகில் போட்டுக்கொண்டு நடக்கிறது. அந்தச் சாக்குக்கு இருப்பு அட்டை கிடையாது. வாயிலில் நிறுத்திப் பிடுங்கிவிடாமல் இருக்க, அதற்கும் தனியாக ஒரு வெளியேற்றச் சீட்டு வழங்கும்படி வேண்டுகிறேன்.